பயண கிளப்புக்குப் புது வீடு: எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:
பல குடும்பங்கள் சேர்ந்து சொகுசு வில்லாக்களைப் பகிர்ந்துகொள்ளும் கிளப்பில் இருக்கிறேன். புதிதாக ஓர் ஊர் சேர்க்க வேண்டும். இத்தாலியின் டஸ்கனி, போர்ச்சுகலின் மடேரா தீவு, நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. பெரும்பாலோர் டஸ்கனிதான் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 1:
ஓட்டெடுப்புக்கு முன்னால் காலண்டரை எடுங்கள். எங்கள் கிளப்பில் புகைப்படத்தைப் பார்த்து ஒரு கடற்கரை வீட்டை எடுத்துவிட்டோம். மழைக்காலத்தில்தான் எனக்கு முறை கிடைத்தது. உப்புக்காற்றில் பூட்டு துருவேறி, சாவி பாதியில் நின்றுவிட்டது. உள்ளே மெத்தையெல்லாம் ஈர வாடை. வருடத்தில் பாதி நாள் அந்த வீட்டை யாரும் கேட்பதில்லை, ஆனால் பராமரிப்புச் செலவு எல்லோர் தலையிலும்.

டஸ்கனி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் ஜூலை, ஆகஸ்டையே கேட்பார்கள். குவீன்ஸ்டவுனில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பனிச்சறுக்கு, டிசம்பரில் கோடை. இரண்டு சீசன் கிடைக்கிறதே!

பதில் 2:
குவீன்ஸ்டவுனுக்கு அவ்வளவு தூரம் ஒரு வாரத்துக்காகப் போவார்களா? மடேராவில் ஜனவரியிலும் பகலில் சுமார் 19 டிகிரி இருக்கும். அங்கே பலத்த காற்று அடித்தால் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேட்டவர்:
சரி, முதலில் எங்கள் வீடுகள் எந்தெந்த மாதம் காலியாக இருந்தன என்று கணக்கெடுக்கிறேன். அப்புறம் ஓட்டு. மிக்க நன்றி.