‘பரவல்’ போதாது, ‘வளர்புலம்’ வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒட்டகம் பற்றிய நம் கலைச்சொல் பட்டியலில், ஒட்டக இனம் ஒவ்வொன்றும் தலைமுறை தலைமுறையாக உருவாகி நிலைத்த நிலப்பகுதியை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, ‘பரவல்’ போதும் என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது போதவில்லை. ‘வளர்புலம்’ என்று வைக்கலாம்.

பரவல் என்பது இன்றைக்கு எங்கெங்கே இருக்கிறது என்ற கணக்கு. 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன ஒட்டகங்களின் வழிவந்தவை அங்கே கட்டற்றுத் திரிகின்றன. அதுவும் பரவல்தான். அதற்காக அந்த மண்ணில் உருவான இனம் என்று எழுதுவோமா? எங்கள் ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியை லாரியில் ஏற்றி எந்த மாவட்டத்துக்கும் அனுப்பலாம். ஆனால் அது தேறிவந்தது இந்த வறண்ட காட்டில், ஆடு மேய்க்கும் கீதாரிகள் பின்னால் கிடைக்குக் கிடை நடந்துதான்.

மாவட்டப் பெயரைப் போட்டால் போதாதா என்றால், அங்கேதான் சிக்கல். குஜராத்தின் கச்சு மாவட்டத்திலேயே இரண்டு ஒட்டக இனங்கள் உண்டு: கச்சி, கராய். கராய் 2015-இல்தான் தனி இனமாக ஏற்கப்பட்டது. அது கடற்கழிகளை நீந்திக் கடந்து திட்டுகளுக்குப் போய், உப்பு நீரில் வளரும் அலையாத்தி மரத்தின் இலை மேயும். சில நாள் கழித்து நல்ல தண்ணீருக்காகக் கரைக்குத் திரும்பும். மாவட்டம் ஒன்று, வளர்புலம் வேறு.

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில், தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அதே அலையாத்தி நிற்கிறது. வெயில் ஏறியதும் இலையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரலால் தடவி நாக்கில் வைத்தேன், கரித்தது. இதைத் தின்று ஓர் ஒட்டகம் வாழ்கிறது என்றால், நாம் பாலைக்கே எழுதிவைத்த விலங்கு நெய்தலிலும் ஓர் இனமாக நிலைத்திருக்கிறது. அந்த நிலத்தைக் குறிக்க நல்ல சொல் கொடுக்க வேண்டாமா?

புலம் என்றால் காந்தப்புலம், பல்கலைக்கழகப் புலம் என்று குழம்பும் என்றார் குழுவில் ஓர் அக்கா. நிலம் என்ற பொருளில் ‘மேய்புலம்’ பழைய வழக்குதானே. வளர்புலம் வினைத்தொகை: வளர்ந்த, வளர்கிற, வளரும் புலம். மூன்று காலமும் அதற்குள் அடங்கும். அலையாத்தி அழிந்தால் கராய்க்கு மூன்றாவது காலம் இல்லை. ‘பிறப்பிடம்’ என்ற சொல்லில் இந்தக் கவலை தெரியாது.

கராய் என்ற பெயரை ‘நீந்தும் ஒட்டகம்’ என்று மாற்றவும் வேண்டாம். காங்கேயத்தை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. ஜெய்சல்மேரி, மேவாரி, ஜாலோரி என்ற மற்ற ஒட்டக இனப் பெயர்களும் அப்படியே இருக்கட்டும். ஒற்றைத் திமில், இரட்டைத் திமில் என்ற பிரிவுக்குச் ‘சிற்றினம்’. கச்சி, கராய் போன்றவற்றுக்கு ‘இனம்’ கால்நடை வழக்கில் உள்ளபடியே நிற்கட்டும்.

அப்புறம், பட்டியலில் ‘பெண் ஒட்டகம்’ என்று இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் ஒட்டகத்துக்குப் ‘பெட்டை’ என்றே சொல்கிறது. குட்டியைக் ‘கன்று’ என்னவும் அங்கே இடம் உண்டு. இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.