மறுமொழி: ‘பொருள் வரைபட’த்துக்கு மாற்றாக ‘அடங்கல்’

அன்புடைய நண்பர்களுக்கு,

வணக்கம். பொருள்களைத் தூக்கியெறியாமல் பழுதுபார்த்தும் மறுபடி பயன்படுத்தியும் மறுசுழற்சி செய்தும் புழக்கத்திலேயே வைத்திருக்கும் சுழற்சிப் பொருளாதாரம் பற்றிய நம் கலைச்சொற் பட்டியலில் முடிவாகாமல் நிற்கும் ஒரு சொல்லைப் பற்றி மட்டுமே இம்மடலில் எழுதுகிறேன். ஒரு நகரத்தின் ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் எவ்வளவு செங்கல், எவ்வளவு கம்பி, எவ்வளவு மரம் இருக்கின்றன, அவை எப்போது வெளியே வரக்கூடும் என்பதையெல்லாம் வரைபடத்தோடு இணைத்துப் பதிந்து வைக்கும் எண்ணிம (டிஜிட்டல்) பதிவேட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதே கேள்வி. ‘பொருள் வரைபடம்’ என்பது இதற்கு முன்வைக்கப்பட்ட ஒரு பெயர். வியன்னாவில் இத்தகைய பதிவேட்டை உருவாக்கிய ஆய்வாளர்கள், நிலவரிப் பதிவேட்டைக் குறிக்கும் ‘கடாஸ்டர்’ என்ற பழைய சொல்லையே இதற்கும் எடுத்துக்கொண்டார்கள். அச்சொல்லின் மூலம் கிரேக்கம். வரிவரியாக எழுதிய பட்டியல் என்பது அதன் முதற்பொருள். நானும் அதேபோல், நம் கிராமங்களின் நிலக் கணக்குப் பதிவேட்டைக் குறிக்கும் ‘அடங்கல்’ என்ற பழைய சொல்லையே சென்ற மடலில் பரிந்துரைத்தேன். அப்பரிந்துரைக்கு வந்த மறுப்புகளை எடுத்துக்கொள்ளும் முன், பட்டியலின் தலைப்பான ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை.

அதற்கு மாற்றாகப் பட்டியலில் ‘வட்டப் பொருளாதாரம்’ என்பதும் இன்னும் இருக்கிறது. அதை நீக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் ‘வட்டம்’ என்றால் முதலில் மனத்தில் தோன்றுவது மயிலாப்பூர் வட்டம், பெரம்பூர் வட்டம் என்னும் வருவாய்த்துறைப் பிரிவுதான். அதன் தலைவர் வட்டாட்சியர். அரசாணையொன்றில் ‘வட்டப் பொருளாதாரத் திட்டம்’ என்று வந்தால், படிப்பவர் அதை ஏதோ ஒரு தாலுகாவுக்கான திட்டம் என்றே எடுத்துக்கொள்வார். ‘சுழற்சி’ என்றால் ‘மறுசுழற்சி’யின் நிழல் விழுந்துவிடும், பழுதுபார்த்தலும் மறுபயன்பாடும் பின்னுக்குப் போய்விடும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவர் சொல்வது சரியே. ஆனால் அந்தக் குறையை விளக்கக் குறிப்பால் சரிசெய்துவிடலாம். ‘வட்ட’த்தின் குழப்பத்தை எந்தக் குறிப்பும் தீர்க்காது.

இனி அடங்கல். கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் கணக்குகளில் இரண்டாம் எண் கணக்கு இது. ஒவ்வொரு புல எண்ணிலும் (சர்வே எண்) எவ்வளவு பரப்பு, யாருடைய பட்டா, என்ன பயிர், எந்தப் பாசனம் என்பதை ஜூலை 1 அன்று தொடங்கும் பசலி என்னும் வருவாய்த்துறைக் கணக்காண்டுதோறும் புதிதாக எழுதுவார்கள். சிட்டா, உரிமையாளரின் பெயரில் தொடங்கி அவருடைய நிலங்களைச் சொல்கிறது. அடங்கல், நிலத்தில் தொடங்கி அதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறது. நாம் பெயர் தேடும் பதிவேடும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்ததுதான். புல எண் இருந்த இடத்தில் கட்டடமும், பயிர் இருந்த இடத்தில் செங்கல்லும் கம்பியும் வருகின்றன. பதிவின் இலக்கணம் மாறவில்லை. சிட்டா, பட்டா போன்றவை வெளியிலிருந்து வந்த சொற்கள். ‘அடங்கல்’ தமிழ் வினையடியிலிருந்தே பிறந்தது. ஆந்திர வருவாய்த்துறையும் இதே சொல்லைத்தான் வழங்குகிறது.

புவித்தகவல் துறையில் பணிபுரியும் நண்பரின் மறுப்பு: “அடங்கல் விளைநிலத்துக்கு உரியது. சென்னையில் நகர நில அளவைப் பதிவேடுதான் உண்டு. நகரத்தாருக்கு இந்தச் சொல் எப்படி விளங்கும்?” சென்னை மாநகராட்சி 2011இல் விரிந்து, 15 மண்டலங்களும் 200 வார்டுகளுமாக ஆனபோது உள்ளே வந்த மணலி, மாதவரம், பெருங்குடி, சோழிங்கநல்லூர்ப் பகுதிகளில் மனை வாங்கியவர்களைக் கேளுங்கள். சிட்டாவும் அடங்கலும் கேட்டு அலைந்த நினைவு அவர்களுக்கு இருக்கும். அதைவிட முக்கியமாக, அடங்கல் என்ற பதிவேட்டைக் கண்டிராதவருக்கும் அடங்குதல் என்ற வினை தெரியும்.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு நேரடி அனுபவம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் உறவினரின் பழைய வீட்டை இடிப்பதற்கு முன் ஒப்பந்தக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். நம் ஊரில் பழைய வீட்டை இடிப்பவர், கிடைக்கும் பொருளின் மதிப்பைக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்து எடுப்பதும் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் நிலைக்கதவை ஆணியால் கீறி, தேக்கா என்று பார்த்தார். கூடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்து, உத்தரங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ்தான் என்று உறுதிசெய்துகொண்டு உத்தரங்களை எண்ணினார். பின்பக்கத்தில் பின்னாளில் சேர்த்த அறையின் கான்கிரீட் கூரையைத் தனியாகக் கணக்கிட்டார். “இந்த வீட்ல என்ன அடக்கம்னு பார்த்தாத்தான் சார் ரேட் சொல்ல முடியும்” என்றார். அடங்கலை அவர் மனத்திலேயே எழுதி முடித்துவிட்டிருந்தார். அந்த அறிவை நகரம் முழுவதற்கும் விரித்து, இடிப்பதற்கு ஒரு வாரம் முன்பு அல்ல, பத்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைப்பதுதான் நாம் பேசும் பதிவேடு.

அப்படி முன்கூட்டியே எழுதுவதற்குத்தான் செயற்கை நுண்ணறிவு வருகிறது. செயற்கைக்கோள் படத்திலிருந்து கட்டடத்தின் பரப்பும் உயரமும், தெருப் படங்களிலிருந்து முகப்பின் தன்மையும், பழைய ஆவணங்களிலிருந்து கட்டிய ஆண்டும் கிடைத்தால், அந்தக் காலத்து அந்த வகைக் கட்டடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ செங்கல், எத்தனை கிலோ எஃகு இருக்கும் என்ற விகிதத்தைக் கொண்டு மொத்த எடையை மதிப்பிடலாம். (அவ்விகிதத்துக்குப் ‘பொருட்செறிவு’ என்ற சொல் போதும் என்று நினைக்கிறேன், அதில் விவாதம் தேவையில்லை.) ஆனால் மேலிருந்து பார்த்தால் மெட்ராஸ் டெரஸும் கான்கிரீட் கூரையும் ஒன்றுபோலத் தட்டோடு பதித்த மொட்டைமாடிகளே. பூசி வண்ணமடித்த சுவருக்குள் இருப்பது சூளைச் செங்கல்லா, சாம்பல் செங்கல்லா, சாலிட் பிளாக்கா என்பது படத்தில் தெரியாது. செங்கல் முகப்பைப் பூசாமல் விடும் ஊர்களின் படங்களில் பயின்ற கணினி நிரல், நம் தெருக்களில் எளிதில் தவறும். ஆகவே நேரில் சென்று பார்த்துத் திருத்தும் வேலை ஒருநாளும் ஒழியாது.

‘பொருள் வரைபடம்’ என்பதில் உள்ள ‘வரைபடம்’ என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான். வரைபடம் என்றதும் ஒருமுறை வரைந்து முடித்த பொருள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அடங்கல் என்றாலோ, ஆண்டுதோறும் களத்துக்குப் போய்ப் பயிரைப் பார்த்து எழுத வேண்டிய கடமையும், எழுதியவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற வழக்கமும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகின்றன. கணினி சொன்னதை அப்படியே உண்மையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உள்ள இத்துறையில், இந்த வழக்கம் எவ்வளவு தேவை என்பதை நினைத்துப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகள், நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேல் இடிபாடு உண்டாக்குபவர்கள் முன்னதாகவே திட்டம் தர வேண்டும் என்றன. அந்த அளவை எட்டாத சிறு வீடுகளின் இடிபாடு எந்தக் கணக்கிலும் ஏறாமல், இரவோடிரவாக ஏரிக்கரையிலும் சதுப்பு ஓரத்திலும் கொட்டப்படுவதை நாம் எல்லோரும் பார்த்து வருகிறோம். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாட்டை அரைத்து மணலும் ஜல்லியுமாக மாற்றும் ஆலைகள் இருக்கின்றன. எந்தத் தெருவிலிருந்து, எப்போது, எவ்வளவு வரும் என்பது முன்கூட்டித் தெரிந்தால்தானே லாரி அங்கே போய்ச் சேரும்?

மொழியியல் பேராசிரியை ஒருவர் எழுப்பிய மறுப்பு என்னை மாற்றிக்கொள்ளச் செய்தது. நான் முதலில் எழுதிய ‘பொருளடங்கல்’, நூலின் ‘பொருளடக்க’த்தோடு குழம்பும் என்றார். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், குழம்பத்தான் செய்கிறது. போதாததற்குப் ‘பொருள்’ என்பது செல்வத்தையும் குறிக்கும், சொல்லின் அர்த்தத்தையும் குறிக்கும். எனவே அதைத் திரும்பப் பெறுகிறேன். பயிர் அடங்கல் என்பதைப் போலக் ‘கட்டட அடங்கல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். கட்டடத்துள் அடங்கியிருப்பவற்றின் கணக்கு என்று நேராகவே பொருள்படும். பாலம், குழாய், மின்கம்பி ஆகியவற்றுக்கும் இதேபோல் முன்னொட்டு மாற்றிக்கொள்ளலாம். இவை அனைத்தையும் சேர்த்துச் சொல்ல ‘நகர அடங்கல்’. வினைக்கும் புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம். ‘அடங்கல் எழுதுதல்’ என்பது ஏற்கெனவே வழக்கில் உள்ளது.

இப்பதிவேட்டுக்கு வந்த ‘நகர்ப்புறச் சுரங்கம்’ என்ற இன்னொரு பரிந்துரை வேறொரு கருத்துக்கு உரியது. அடங்கலைப் பார்த்துப் பொருளை வெளியே எடுக்கும் செயலுக்கு அதை வைத்துக்கொள்வோம்.

இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது, அதற்கு உங்கள் உதவி வேண்டும். கணினி ஊகித்து எழுதிய பதிவையும், ஒருவர் நேரில் பார்த்து உறுதிசெய்த பதிவையும் ஒரே பெயரால் அழைக்கக் கூடாது. முன்னதற்கு ‘மதிப்பீட்டுப் பதிவு’ பொருந்தும் என்று நினைக்கிறேன். பின்னதற்குக் ‘களப்பதிவு’ என்பதா, ‘நேராய்வுப் பதிவு’ என்பதா என்று தெளிவாகவில்லை. வருவாய்த்துறையில் பணியாற்றியவர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள். பயிரைப் பார்த்துச் சரிபார்த்த பதிவை அவர்கள் அலுவலகப் பேச்சில் என்ன சொல்லி வந்தார்கள் என்று எழுதினால், அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
மேற்கு மாம்பலத்திலிருந்து