புதுப்பிப்பு: அம்மாவின் மூச்சுப் பரிசோதனை, இரண்டாம் தடவை

அம்மாவுக்கு நெஞ்செரிவு விடாமல் இருக்க, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற வயிற்றுக் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று எப்படி வந்தது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. "ஒமெப்ரசோல் குடித்துக்கொண்டா செய்தீர்கள்?" என்று கேட்ட அக்கா சொன்னதுதான் சரி. அன்று காலையிலும் அம்மா அந்த அமிலம் குறைக்கும் மாத்திரையைக் குடித்திருந்தார், யாரும் எங்களிடம் கேட்கவே இல்லை.

டொக்டரிடம் கேட்டு 2 வாரம் நிறுத்தினோம், அன்டிபயோட்டிக் என்றால் 4 வாரமாம். அந்த மாத்திரை அமிலத்தைக் குறைக்கும்போது கிருமியும் அடங்கி, பரிசோதனையில் குடிக்கத் தரும், காபன்-13 என்ற அடையாளக் காபன் உள்ள யூரியாவை உடைக்கும் அதன் நொதியும் மந்தமாகிவிடும், அப்புறம் மூச்சில் வரவேண்டிய அந்தக் காபன்-13 எங்கே வரும்? அந்த இரண்டு வாரமும் வெள்ளவத்தை வீட்டு ஹோலில் மூன்று தலையணை அடுக்கி அம்மா சாய்ந்தபடியே தூங்கியதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

எதிர்பாராதது: யூரியாவோடு புளிப்பான சிட்ரிக் அமிலப் பானமும் கொடுத்தார்கள். எரிகிற வயிற்றுக்குப் புளிப்பா என்று பயந்துவிட்டேன், ஆனால் அமிலம் கூடினால்தான் கிருமியின் நொதி நன்றாக வேலை செய்யுமாம், பானமும் வயிற்றில் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்குமாம். 30 நிமிடம் கழித்து ஊதிய பையில் பொசிட்டிவ்.

நேற்று 14 நாள் மருந்து தொடங்கியாச்சு. முடிந்து 4 வாரத்துக்குப் பிறகுதான் திரும்ப ஊத வேண்டும்.