ஹோம் ஃபோல்டரில் ஒளிந்திருக்கும் புள்ளி ஃபோல்டர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

லினக்ஸில் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோல்-ஹெச் தட்டிப் பாருங்கள். டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் என்று அடக்கமாக இருந்த இடத்தில் .மோசில்லா, .எஸ்எஸ்ஹெச், .பாஷ்ஆர்சி, .என்பிஎம், .கார்கோ என்று ஒரு பட்டாளமே வந்து நிற்கும். நிரலை அன்இன்ஸ்டால் செய்தாலும் ஹோமில் அது போட்ட ஃபோல்டர் அப்படியே கிடக்கும். என்னிடம் பாதி எதனுடையது என்றே தெரியவில்லை. இத்தனைக்கும் பெயரின் முன்னால் புள்ளி வைத்தால் மறையும் என்பதே திட்டமிட்டு வந்ததல்ல. ஒற்றைப் புள்ளி (இதே ஃபோல்டர்), இரட்டைப் புள்ளி (மேல் ஃபோல்டர்) என்ற இரு பெயர்களைப் பட்டியலில் காட்டாமலிருக்க, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து விட்டுவிட்டார்கள் என்று பெல் லேப்ஸின் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012இல் எழுதினார்.

*

இதை ஒழுங்குபடுத்தத்தானே 2003இல் ஃப்ரீடெஸ்க்டாப் (லினக்ஸ் டெஸ்க்டாப்களுக்குப் பொது விதிகள் வகுக்கும் குழு, எக்ஸ்டிஜி என்றும் சொல்வார்கள்) விதி வந்தது? அமைப்புகள் .கான்ஃபிக்கில், தரவு .லோக்கல்/ஷேரில், போனால் போகட்டும் என்பவை .கேஷில். ஹிஸ்டரி, லாக் போன்றவற்றுக்கு .லோக்கல்/ஸ்டேட் 2021இல்தான் சேர்ந்தது.

புது லேப்டாப்புக்கு மாறியபோது இதை நம்பி .கேஷை விட்டுவிட்டு மற்றதை நகலெடுத்தேன். கேடிஇ டெஸ்க்டாப்பின் பேனல், நியோவிம் எடிட்டர் எல்லாம் பழையபடி வந்துவிட்டன. குறிப்பெடுக்கும் செயலி ஒன்று மட்டும் வெறுமையாகத் திறந்தது. தேடினால், என் குறிப்புகள் மொத்தத்தையும் .கேஷுக்குள் வைத்திருக்கிறது! இடம் போதவில்லையென்றால் எல்லோரும் முதலில் காலி செய்யும் ஃபோல்டர் அதுதான். பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாததால் பிழைத்தது. அந்தச் செயலிக்கு அன்றே கும்பிடு.

*

எனக்குச் சிக்கல் தந்தது .எஸ்எஸ்ஹெச், வேறு கணினிகளில் பாதுகாப்பாக நுழைவதற்கான சாவிகள் இருக்கும் ஃபோல்டர். பென்டிரைவ் வழியாகக் கொண்டுபோனேன். அது ஃபேட் வடிவம், கோப்பை யார் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதிகளைச் சேமிக்காது. புது மெஷினில் சாவிக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற நிலை. 'அனுமதி மிகத் தளர்வாக இருக்கிறது' என்று எஸ்எஸ்ஹெச் சாவியைத் தொடவே மறுத்துவிட்டது. உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத விடும் சிஎச்மாட் 600 கட்டளை போட்டதும் சரியானது. இப்போதெல்லாம் அனுமதிகளையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டும் டார் கட்டித்தான் எடுத்துப் போகிறேன்.

அப்புறம், முதலில் எழுதியவருக்கு: எக்ஸ்டிஜி-நிஞ்சா என்ற ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள். ஹோமில் கிடப்பதில் எதை எங்கே நகர்த்தலாம், அதற்கு எந்தச் சூழல் மாறியை அமைக்கவேண்டும் என்று சொல்லும். எஸ்எஸ்ஹெச்சை மட்டும் நகர்த்த முயலாதீர்கள், அது அசையாது.