பியூல் பம்பு: கலைச்சொல் வேண்டும், வியாழனுக்குள்

குன்னூர்:
அனைவருக்கும் வணக்கம். மாணவர் கையேடு வியாழனன்று அச்சுக்குப் போகிறது. பெட்ரோல் கார் டேங்குக்குள் இருக்கும் பம்பைச் சோதித்து மாற்றும் பாடத்துக்குத் தலைப்பு மட்டும் பாக்கி. பழைய படியில் 'எரிபொருள் விசையியக்கக் குழாய்' என்றிருக்கிறது. சொல்லி முடிப்பதற்குள் டேங்க் காலியாகிவிடும்.

கோத்தகிரி:
இறைப்பி. இறைத்தல் உழவர் சொல். சிலம்பின் நாடுகாண் காதையில் ஆம்பி, கிழார், ஏத்தம், பிழா என்று இறைக்கும் கருவிகள் வரிசையாக வருகின்றனவே! 'ஆம்பி'யையே எடுத்தாளலாம்.

கூடலூர்:
ஐயா, ஆம்பிக்குக் காளான் என்றும் பொருள், பையன்கள் சிரிப்பார்கள். இறைப்பிக்கு என் மறுப்பு வேறு. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய கருவி) காலத்துப் பம்பு எஞ்சின் பக்கம் இருந்துகொண்டு டேங்கிலிருந்து இழுத்தது. இழுக்கும் குழாயில் அழுத்தம் குறையும். சுமார் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றழுத்தமே கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். சூடான குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், வண்டி நிற்கும். இன்றைய பம்பு பெட்ரோலுக்குள்ளேயே கிடந்து, பல வண்டிகளில் 3 முதல் 4 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்) அழுத்தத்தில் தள்ளுகிறது; ஆவி அடைப்பு அரிது. ஆகவே இழுத்து இறைக்கும் இறைப்பி அல்ல, தள்ளும் உந்தி. உந்து + இ, கருவிப்பொருள் விகுதி.

கோத்தகிரி:
உந்தி கொப்பூழ் அல்லவா? 'உந்தியைக் கழற்றுக' என்று அச்சிடப் போகிறீர்களா?

உதகை:
பம்பே தமிழ்தான். பம்புதல் என்றால் ஒலித்தல். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி முனகுகிறதே!

கூடலூர்:
ஓசை ஒத்துப்போனால் வேர்ச்சொல் ஆகிவிடுமா அம்மா? முனகலை நம்பியும் பயனில்லை. பம்பின் வாயிலுள்ள சல்லடை அடைத்திருந்தால் முனகும், அழுத்தம் வராது. அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். முனகவே இல்லையென்றால் பியூஸ், ரிலே (பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), பிறகு பம்பின் கனெக்டரில் 12 வோல்ட், எர்த் (வண்டி உடலோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) எல்லாம் பார்க்க வேண்டும். ஒருவர் சாவி போட, மற்றவர் அந்த இரண்டு விநாடிக்குள் அளக்க வேண்டும். எர்த் துருவுக்காக நல்ல பம்பைத் தூக்கிப்போடுபவர்கள் உண்டு.

குன்னூர்:
செய்முறையைச் சரிபாருங்கள்: டேங்க் கால்வாசிக்குக் கீழ். பம்பு பியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுக. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுக. டேங்கின் மேலுள்ள பம்பு மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே திறக்க. பம்பை இறுக்கிப் பிடித்திருக்கும் லாக் ரிங்கைப் பித்தளைத் துண்டால் தட்டித் திருப்புக. இரும்பில் பொறி பறக்கும். பெட்ரோல் அளவு காட்டும் மிதவைக் கை வளையாமல் சாய்த்து எடுக்க. சீலும் சல்லடையும் புதிது. பூட்டியபின் சாவியை மூன்று நான்கு முறை ஆன், ஆஃப். கசிவு பார்த்தபின் ஸ்டார்ட்.

உதகை:
கால்வாசி என்பது கழற்றும் அன்றைக்கு மட்டும் என்று சேருங்கள். பெட்ரோல்தான் பம்பைக் குளிர்விக்கிறது. ரிசர்விலேயே கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவு ஏறினால், சரிவில் பெட்ரோல் ஒதுங்கிப் பம்பு வெறுமனே சுற்றும்.

குன்னூர்:
சேர்த்துவிட்டேன். தலைப்பில் 'எரிபொருள் உந்தி', உள்ளே பம்பு. இதற்குமேல் நேரமில்லை.

கோத்தகிரி:
என் மறுப்பு நிற்கிறது. லாக் ரிங்கை அப்படியே விட்டுவிட்டீர்களே, 'தாழ்வளையம்' ஆகாதா?