தமிழ் இருக்கும் வரியில் மட்டும் லாங்குவேஜ் சர்வர் தடுமாறுகிறது

கேள்வி:
ஆபீஸுக்குள் மட்டும் புழங்கும் ஒரு சின்ன கான்ஃபிக் மொழிக்கு, கோ (Go) மொழியில் லாங்குவேஜ் சர்வர், அதாவது எடிட்டருக்குப் பின்னால் இருந்து பிழைகளைக் காட்டும் நிரல், எழுதிக்கொண்டிருக்கிறேன். எடிட்டரில் எதைத் தட்டினாலும் அந்த மாற்றம் மட்டும் செய்தியாக வரும். என்னிடம் இருக்கும் பிரதியில் அதை ஒட்டி, சின்டாக்ஸ் ட்ரீயை (உரையின் இலக்கண அமைப்பைக் காட்டும் மரத்தை) புதுப்பிப்பேன். மூன்று வாரமாக ஒரு குறையும் இல்லை. முந்தாநாள் ஒரு வரியில் "வணக்கம்" என்பதை மேற்கோளோடு சேர்த்து ஒரே தடவையில் பேஸ்ட் செய்து (திறக்கும் மேற்கோள்குறி வரை 9 ஆங்கிலக் குறிகள்), அதன் பின்னால் ஒரு கமா போட்டேன். திரையில் எல்லாம் சரி. சர்வரின் பிரதியைப் பார்த்தால், கமா 'க'வை உடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது! அதற்குக் கீழே ஒரே சிவப்புக்கோடு. கோப்பை மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மோதும் ரேஸ் கண்டிஷனோ என்று, அதைத் தடுக்கும் பூட்டான மியூட்டெக்ஸ்கூடப் போட்டுப் பார்த்தேன்.

பதில் 1:
மியூட்டெக்ஸை விட்டுவிடுங்கள், அது பாவம். எடிட்டர் வரிக்குள் இடத்தை யுடிஎஃப்-16 என்ற குறியீட்டு முறையின் அலகில் சொல்கிறது, நீங்கள் யுடிஎஃப்-8 என்ற இன்னொரு முறையின் பைட்டில் எண்ணுகிறீர்கள். 'வணக்கம்' கண்ணுக்கு 5 எழுத்து. புள்ளிகள் தனி அலகு என்பதால் யுடிஎஃப்-16இல் 7. யுடிஎஃப்-8இல் 21 பைட். கமாவின் இடம், 0-விலிருந்து எண்ணினால், 9+7+1 (கடைசி 1 மூடும் மேற்கோள்), அதாவது 17. பைட்டில் எண்ணினால் 9, 10, 11 'வ'. 12, 13, 14 'ண'. 15, 16, 17 'க'. நேராக அதன் வயிற்றில்தான் விழும். மூடித் திறக்கும்போது முழு உரையும் புதிதாக வருகிறது, அதனால்தான் தப்பிக்கிறீர்கள்.

கேட்டவர்:
அட! எண்ணுவதை எல்லாம் ரூனாக (கோ மொழியில் ஒரு யூனிகோட் குறி) மாற்றிவிட்டேன், தமிழ் வரிகள் சரியாகிவிட்டன. ஆனால் ஒரு சிரிப்பு எமோஜி இருக்கும் வரியில் ஓரிடம் வலப்பக்கம் தள்ளி விழுகிறதே?

பதில் 2:
ரூன் தமிழுக்குப் பொருந்தியது தற்செயல். எமோஜி 1 ரூன், ஆனால் 2 அலகு. யுடிஎஃப்-16 அலகாகவே எண்ணிச் செல்லுங்கள். எடிட்டரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் (LSP) 3.17 பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 கேட்டு வாங்கலாம்தான், எடிட்டரும் ஒத்துக்கொண்டால். விஎஸ் கோட் ஒத்துக்கொள்ளாது. அப்புறம், சேவ் செய்யும்போது முழு உரையையும் அனுப்பும்படி கேட்டு, உங்கள் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் லாகில் கத்தட்டும்.

கேட்டவர்:
கத்தியது, முதல் சேவிலேயே. விண்டோஸ் மெஷினிலிருந்து வந்த கோப்பு. விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியை எல்லாம் என் சர்வர் தின்றுகொண்டிருந்திருக்கிறது.