ஆபீஸ், வீடு, குழந்தை எல்லாம் போக எப்போதுதான் படிக்கிறீர்கள்?

சூரமங்கலத்தான்

வணக்கம். சேலம் சூரமங்கலத்தில் வீட்டிலிருந்தபடி ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன், மாதம் இரண்டு தடவை ரயில் ஏறிப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவதோடு சரி. 2015-இல் காலேஜ் முடித்தேன். அன்றிலிருந்து இன்றுவரை ஜாவா மொழியின் பழைய வெர்ஷன் 8, அதோடு ஓடும் ஒரு பழைய ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க், ஒரு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், இவ்வளவுதான் என் உலகம். சம்பளம் வருகிறது, குறை சொல்ல முடியாது.

போன மாதம் சும்மா ஒரு இன்டர்வியூ கொடுத்துப் பார்த்தேன். எதிரே இருந்தவருக்கு என்னைவிட நான்கு வயதாவது குறைவாக இருக்கும். "வர்ச்சுவல் த்ரெட் பயன்படுத்தியிருக்கிறீர்களா?" என்றார். பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். அவர் "ஓகே" என்று சொல்லிவிட்டு எதையோ டைப் செய்தார், அந்த கீபோர்டு சத்தம் இன்னும் காதிலேயே நிற்கிறது. ஒரே புரோகிராமில் ஆயிரக்கணக்கான வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்ட உதவும் வசதி அது, ஜாவா 21-இல் வந்தது, 2023 செப்டம்பர். நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தால், பையன் கைக்குழந்தை, ராத்திரி தூக்கம் கிடையாது, பகலில் பழைய கோடுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதும் பெரிய மாற்றமில்லை. 9.30-க்கு மீட்டிங் ஆரம்பித்தால் இரவு 8 மணி வரை இழுக்கும். 10.30-க்கு லேப்டாப்பைத் திறந்தால் வீடியோ அது பாட்டுக்கு ஓடும், நான் தூங்கிவிடுவேன். தள்ளுபடியில் வாங்கிய கோர்ஸ் 11, திறந்து பார்த்தது 3, முடித்தது ஒன்றுகூட இல்லை. காலை 4.30-க்கு எழுந்திரு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், அதையும் செய்து பார்த்தாயிற்று. ஐந்தாம் நாள் மீட்டிங்கிலேயே குறட்டை விட்டேன், மைக் வேறு ஆனில் இருந்தது.

குடும்பம் வைத்துக்கொண்டு நிஜமாகவே படிக்கிறவர்கள் சொல்லுங்கள், எப்படி?

அஸ்தம்பட்டி சிக்னல்

மைக் கதையைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள் நண்பா. கோர்ஸ் விஷயத்தில் நானும் உன் கட்சிதான். வாங்கின உடனே பாதி படித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வருகிறது பார், அதுதான் ஆளைக் கெடுக்கிறது. ஆடித் தள்ளுபடியில் எடுத்த சட்டை மாதிரி கவர் பிரிக்காமல் கிடக்கும்.

நான் செய்வது ஒன்றுதான். மீட்டிங் 9.30 என்றால் 8.50-க்கு உட்கார்ந்துவிடுவேன். சாட்டைத் திறக்க மாட்டேன், மெயிலைத் திறக்க மாட்டேன், திறந்தால் போச்சு. அந்த 40 நிமிடம் வாரத்தில் மூன்று நாள் கிடைக்கும். திங்கட்கிழமை கிடைக்கவே கிடைக்காது, அதற்காக ஒப்பாரி வைப்பதில்லை.

சேர்வராயன் மலை

தம்பி, நான் ஏற்காட்டுக்காரன், இந்தத் தொழிலுக்கு வந்து 19 வருடம் ஆகிறது. நீ நேரத்தைக் கேட்டிருக்கிறாய், நான் எதைப் படிப்பது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் நேரம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீராகப் போனது அங்கேதான்.

வெப் பக்கம் கட்ட ஆங்குலர்ஜேஎஸ் என்று ஒரு ஃபிரேம்வொர்க் 2010-இல் வந்தது. அதன் உள்வேலையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இரண்டு வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். 2016-இல் ஆங்குலர் 2 வந்தபோது அடியோடு மாற்றி எழுதியிருந்தார்கள், 2021 டிசம்பரோடு பழையதற்கு ஆதரவும் முடிந்துபோனது. அந்த இரண்டு வருடத்தில் இன்று என் கையில் மிச்சம் இருப்பது கண்ணாடியின் பவர் மட்டும். அதே காலத்தில், மழைவிடாமல் பெய்த ஒரு வாரம், டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் உள்ளே எப்படி அடுக்கி வைக்கப்படுகிறது என்று படித்தேன். அந்த அடுக்கு முறைக்குப் பெயர் பி-ட்ரீ, 1970-களின் தொடக்கத்தில் யோசித்த விஷயம். இன்றைக்கும் அதில்தான் சோறு சாப்பிடுகிறேன்.

போன வருடம் எங்கள் ரிப்போர்ட் பக்கம் ஒன்று திறக்க 14 நொடி எடுத்தது. சர்வரைப் பெரிதாக்கிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் டேட்டாபேஸிடம் கேட்கும் அந்த குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளைன் என்று ஒரு வார்த்தை சேர்த்து ஓட்டிப் பார்த்தேன், எப்படித் தேடப் போகிறது என்று அது காட்டும். டைப் என்ற இடத்தில் ஆல் என்று வந்தது, அதாவது டேபிளில் இருந்த 12 லட்சம் வரிசையையும் முதலிலிருந்து கடைசி வரை புரட்டுகிறது. தேதி ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் இருக்கிறது, ஆனால் அதைத் தொடவே இல்லை. ஏன் என்று பார்த்தால், யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஃபீல்டை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டு நாளோடு ஒப்பிட்டிருக்கிறார். இண்டெக்ஸ் அடுக்கி வைத்திருப்பது ஃபீல்டில் இருக்கும் மதிப்பை, ஃபங்ஷன் போட்ட பிறகு வரும் மதிப்பை அல்ல. மொய் நோட்டைப் பெயர் வரிசையில் எழுதி வைத்துவிட்டு, பெயரின் மூன்றாவது எழுத்து 'ம' இருக்கிறவர்கள் யார் யார் என்று கேட்டால் முதல் பக்கத்திலிருந்து புரட்டத்தானே வேண்டும்? ஃபங்ஷனை எடுத்துவிட்டு, இந்த நாள் ஆரம்பத்திலிருந்து அடுத்த நாள் ஆரம்பத்துக்கு முன்பு வரை என்று மாற்றினேன். ஆல் போய் ரேஞ்ச் வந்தது, 14 நொடி அரை நொடிக்குள் அடங்கியது.

இதெல்லாம் ஆபீஸ் நேரத்தில் நடந்தது. டிக்கெட்டை மூடிவிட்டு ஓடாமல் இன்னும் 20 நிமிடம் உட்கார்ந்து, வேறு எங்கெல்லாம் இதே மாதிரி எழுதியிருக்கிறோம் என்று தேடினேன், ஒன்பது இடம் சிக்கியது. என் படிப்பில் முக்கால்வாசி இப்படித்தான் நடக்கிறது.

அப்புறம் ஜாவாவுக்குப் பயப்படாதே. 2018-இலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு வெர்ஷன் விடுகிறார்கள், அத்தனையையும் துரத்தினால் மூச்சுதான் வாங்கும். 11, 17, 21, 25, நீண்டகால ஆதரவு உள்ளவை இவைதான். ஒவ்வொன்றிலும் என்ன புதிதாக வந்தது என்று ஒரு சாயங்காலம் வாசித்தால் உன் இடைவெளி பாதி அடைந்துவிடும்.

ஆவணங்களை எல்லாம் டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன். மேலே மழை அடித்தால் நெட் போய்விடும், பராமரிப்பு என்று மாதத்தில் ஒரு நாள் கரண்டையும் நிறுத்துவார்கள். லேப்டாப் பேட்டரி தீரும் வரை அன்றைக்குப் படிப்பதுதான் அதிகம், சாட் வராது பார். பூமழை பெய்து காப்பித் தோட்டம் முழுக்கப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும் அந்த ஒரு வாரம் மட்டும் ஒன்றும் படிக்க மாட்டேன், அது வேறு கணக்கு.

குகைக்காரி

அண்ணன்கள் இரண்டு பேரிடமும் ஒரு கேள்வி. நீங்கள் 8.50-க்கு லேப்டாப் முன்னால் உட்காரும்போது இட்லி யார் ஊற்றுகிறார்கள்? மழைவிடாமல் பெய்த அந்த வாரம் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் யார் காயவைத்தார்கள்?

சண்டைக்கு வரவில்லை. எனக்கு இரண்டு பெண்கள், ஒன்பது வயது, நான்கு வயது. சின்னவளுக்காக இரண்டு வருடம் வேலையை விட்டிருந்தேன், திரும்ப வந்தபோது ஒரு இன்டர்வியூவில் முக்கால் மணி நேரத்தில் அரை மணி நேரம் அந்த இரண்டு வருடத்தைப் பற்றியே கேட்டார்கள். அப்போது புரிந்தது, ஒரு வீட்டில் ஒருவருக்கு நேரம் கிடைக்கிறது என்றால் இன்னொருவர் கொடுக்கிறார் என்று அர்த்தம். நானும் அவரும் உட்கார்ந்து பேசி, சனிக்கிழமை மதியம் 3 முதல் 5 எனக்கு, ஞாயிறு காலை 7 முதல் 9 அவருக்கு என்று வைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் கதவைத் தட்டக் கூடாது. முதல் மாதம் தட்டினார், சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டு. பதினோரு வருடமாக அதே அலமாரியில்தான் இருக்கிறது.

ஆபீசிலும் ஒன்று செய்தேன். எனக்குத் தெரியாத லைப்ரரி ஏதாவது வேலையில் வந்தால், அதைப் படிக்க அரை நாள் என்று தனியாக டிக்கெட் போடுவேன். மேனேஜர் முதலில் முகத்தைச் சுளித்தார். படிக்காமல் இறங்கியதால் பக் சரிசெய்ய எத்தனை மணி நேரம் போனது என்று இரண்டு ஸ்பிரிண்ட், அதாவது இரண்டு வேலைச் சுற்றின் கணக்கை எடுத்துக் காட்டினேன், அதற்குப் பிறகு கேட்பதில்லை. கம்பெனிக்கு வேண்டியதைக் கம்பெனி நேரத்தில்தான் படிக்க வேண்டும், அதை ஏன் குழந்தையின் தூக்கத்திலிருந்து திருடுகிறீர்கள்?

சூரமங்கலத் தம்பி, உன் மனைவி என்ன செய்கிறார், அவருக்கு எப்போது நேரம் கிடைக்கிறது என்று உன் பதிவில் ஒரு வரிகூட இல்லை.

பட்டறைப் பையன்

அண்ணா, அக்கா, நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான். ஏஐயிடம் கேட்டால் கோட் வந்துவிடுகிறது, இன்னும் எதற்கு இவ்வளவு உள்ளே புகுந்து படிக்க வேண்டும்? கிண்டலுக்குக் கேட்கவில்லை. சிவதாபுரத்தில் எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை, மெஷின் செயின் வந்த பிறகு கையால் செய்கிறவர்கள் குறைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன், அதனால் பயமாகவும் இருக்கிறது.

சேர்வராயன் மலை

குகைக்காரி கேட்டது சரிதான், யூனிஃபார்மை நான் காயவைக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

பட்டறைத் தம்பி, அந்த ரிப்போர்ட் பக்கத்தைப் பற்றி நானும் ஏஐயிடம் கேட்டேன். பக்கம் மெதுவாக இருக்கிறது, தேதி வைத்துத் தேடுகிறோம் என்று மட்டும் சொன்னேன், இண்டெக்ஸ் போடச் சொன்னது. அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே! குவெரியையும் எக்ஸ்பிளைன் காட்டியதையும் சேர்த்துக் கொடுத்த பிறகு ஒரே தடவையில் பிடித்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எக்ஸ்பிளைன் என்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருந்ததால்தானே கொடுத்தேன்? உன் அப்பா வெள்ளி வாங்கும்போது மெஷின் காட்டுவதை மட்டும் நம்பி வாங்குவாரா?

பட்டறைப் பையன்

மெஷினிலும் போடுவார், உரசியும் பார்ப்பார், அப்புறம் மாமாவிடமும் ஒரு தடவை காட்டுவார் 😄

சூரமங்கலத்தான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முதலில் அக்காவுக்குப் பதில். மனைவி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், தபாலில் எம்.எஸ்சி. சேர்ந்து இரண்டு பேப்பர் பாக்கி. அது எனக்கே மறந்துபோயிருந்தது. இந்தத் திரியை அவரிடம் காட்டினேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது திங்கள், புதன் இரவு 8.30 முதல் 9.30 அவருக்கு, செவ்வாய், வியாழன் எனக்கு. மூன்று வாரத்தில் எனக்குக் கிடைக்க வேண்டிய ஆறு நாளில் நான்கு கிடைத்தது. 11 கோர்ஸையும் தொடவில்லை.

அந்த நான்கு மணி நேரத்தில் வர்ச்சுவல் த்ரெட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆபீஸ் லேப்டாப்பில் ஜாவா 8 என்பதால் என் பழைய லேப்டாப்பில் 21 போட்டேன். ஒரு நொடி தூங்கி எழும் வேலை 10,000. இருநூறு சாதாரண த்ரெட் வைத்து ஓட்டினால் 50 நொடி, கணக்குப்படி வர வேண்டியதுதான். வேலைக்கு ஒரு வர்ச்சுவல் த்ரெட் என்று மாற்றினால் ஒன்றரை நொடிகூட ஆகவில்லை. தூங்கும் த்ரெட் கீழே இருக்கும் நிஜ த்ரெட்டை விட்டுக்கொடுத்துவிடுகிறது, அந்த இடத்தில் இன்னொன்று ஏறிக்கொள்கிறது. டவுன் பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி என்று மனைவியிடம் விளக்கினேன், அவர் விடைத்தாளிலிருந்து நிமிரவில்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. எங்கள் ஆபீஸ் கோட் மாதிரி இருக்கட்டும் என்று அந்தத் தூக்கத்தை, லாக் வைத்திருக்கும் த்ரெட் மட்டுமே நுழையக்கூடிய சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் வைத்தேன், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி லாக், ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேலையை ஆயிரமாகக் குறைத்தும் 125 நொடி ஆகிறது. என் லேப்டாப்பில் கோர் எட்டு. ஆயிரத்தை எட்டால் வகுத்தால் 125, அதுவரை பிடித்துவிட்டேன், ஏன் என்றுதான் தெரியவில்லை.

சேர்வராயன் மலை

வகுத்துப் பார்த்தாய் பார், அங்கேயே முக்கால்வாசி வந்துவிட்டாய். அதைப் பின்னிங் என்பார்கள். ஜாவா 21-இல் சிங்க்ரனைஸ்டுக்குள் இருக்கும்போது தூங்கினாலும் வர்ச்சுவல் த்ரெட் தன் சீட்டை விடாது, எட்டு சீட்டையும் எட்டு பேர் பிடித்துக்கொண்டு தூங்குகிறார்கள். 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24-இல் இதைச் சரிசெய்துவிட்டார்கள். அதே புரோகிராமை அதில் ஓட்டிப் பார்.

சூரமங்கலத்தான்

அதற்கு அடுத்த ஜாவா 25 இறங்கிக்கொண்டிருக்கிறது அண்ணா. நாளைக்கு ஓட்டிவிட்டு எத்தனை நொடி என்று போடுகிறேன். இன்று புதன், அவர் முறை. பையனுக்குச் சோறு ஊட்ட வேண்டும்.